மஞ்சள் பட்டை

மூட்டைக்காரரிடமிருந்து வந்த மெயிலில் மொத்தம் மூன்று வரி. மூன்றுமே எனக்குப் பிடிக்கவில்லை.

மூட்டைக்காரர் என்பது நான் வைத்த பெயர். இலவசமாகக் கிடைக்கிற கம்ப்யூட்டர் செயலிகளையெல்லாம் பொறுக்கி, சரிபார்த்து, ஒரே மூட்டையாகக் கட்டி ஊர் உலகத்துக்கு அனுப்புகிற குழுவில் அவர் ஒருவர். ஆளைப் பார்த்ததில்லை. ஆனால் பத்து வருடமாக என் செயலியும் அவர் மூட்டைக்குள் ஒரு மூலையில் கிடக்கிறது. அதன் பெயர் "பெரிசு". கண் மங்கியவர்களுக்காக எந்தப் பக்கத்தையும் பெரிய எழுத்தில் மறுபடி அடுக்கிக் காட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பெயர் வைத்தவன் என் தம்பி. "எழுத்தும் பெரிசு, படிக்கிறதும் பெரிசுங்கதான்" என்று அப்போது சொல்லிச் சிரித்தான்.

"உங்கள் செயலி நம்பி ஓடுகிற லைப்ரரி ஒன்று கைவிடப்பட்டுவிட்டது. அடுத்த வெளியீட்டில் அதை நீக்குகிறோம். ஆறு வாரத்துக்குள் நீங்கள் வேறொன்றுக்கு மாறாவிட்டால் பெரிசும் சேர்ந்து போய்விடும்" என்று எழுதியிருந்தார்.

கைவிடப்பட்டதாம்! கடையில் உட்கார்ந்துதான் படித்தேன். நான் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவள். எதிரே ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கருவியில் முகவாயை வைத்துக்கொண்டு, "இது தெளிவா, அது தெளிவான்னு கேளுங்கம்மா, கழுத்து வலிக்குது" என்றார். கேட்டேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று காதில் விழவில்லை. மறுபடி கேட்டேன். மனிதர் என்னைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அந்த லைப்ரரியை எழுதியவன் என் தம்பி. லைப்ரரி என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை, ஒரு வேலையை மட்டும் செய்கிற சின்ன நிரல். எழுத்தைப் பெரிதாக்கும்போது வரியை எங்கே மடக்குவது என்று முடிவு பண்ணுவது அதன் வேலை. கண்ட இடத்தில் மடக்கினால் கண் மங்கியவருக்கு அடுத்த வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்கும். உலகத்தில் அதைப் பயன்படுத்துகிற ஒரே செயலி பெரிசு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே தொடர்பும் அதுதான்.

ஏழு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

அம்மாவுக்குக் கண்ணின் பின்திரையில் நடுப்பகுதி கெட்டுப்போகிற நோய். அது வந்தால் நேராகப் பார்ப்பது மறைந்து ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும். அவளுக்கு வந்த வகையைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசி போட்டு நிறுத்திவைக்கலாம். போன பார்வை திரும்பாது. அம்மா என்னோடுதான் இருந்தாள். மாதம் ஒரு தரம் நானே அவள் கண்ணைப் பார்த்தேன். சுவரில் மாட்டிய அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பிப்பாள். தினமும் கடையில் வந்து உட்கார்ந்து, வருகிறவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு அந்த அட்டையை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள் மகராசி! மகளுக்குத் தொந்தரவு வைக்கக் கூடாதாம். எனக்குத் தெரிந்தபோது இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் நானும் தம்பியும் சேர்ந்து பெரிசு எழுதினோம். அம்மா ஓரக்கண்ணால் அதில் ஐந்து வருடம் கதை படித்தாள். அவள் இறந்த வாரம், வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது சண்டை வந்தது. எதில் ஆரம்பித்தது என்று நினைவில்லை. முடிந்தது மட்டும் நினைவிருக்கிறது. "கண்ணு பாக்கற வேலையில இருந்துக்கிட்டு அம்மா கண்ணைக் கோட்டை விட்டவதானே நீ" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இனிமே எனக்கு போன் பண்ணாதே, வீட்டுப் பக்கம் வராதே. என்கிட்ட எதுவா இருந்தாலும் எழுத்துல போடு" என்று கத்தினேன்.

கோபத்தில் மனிதர்கள் ஆயிரம் சொல்வார்கள். ஆனால் அவன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிற ரகம். சின்ன வயதில் அம்மா அவனை ஒரு கடைவாசலில் நிறுத்தி, "இங்கயே நில்லு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மழை கொட்டியது. கடைக்காரர் உள்ளே கூப்பிட்டும் போகாமல் தொப்பலாக நனைந்துகொண்டே நின்றான். அந்தப் பயல்தான் ஐம்பத்தொரு வயது ஆளாகி உட்கார்ந்திருக்கிறான்.

அதனால் எழுத்தில்தான் போட்டுக்கொண்டோம். ஒவ்வொரு லைப்ரரிக்கும் பொதுவில் ஒரு குறைகேட்புப் பக்கம் உண்டு. எதாவது கோளாறு என்றால் நான் அங்கே எழுதுவேன். "பராமரிப்பாளர் அவர்களுக்கு: மேற்கோள் குறி தனியாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறது." அவன் பதில் எழுதுவான். "விவரத்துக்கு நன்றி. சரிசெய்யப்பட்டது." வருடத்துக்கு மூன்று, நான்கு. ஒரு தடவை, காய்ச்சலாக இருந்ததால் விவரம் அனுப்பத் தாமதம் என்று எழுதினேன். "சரிசெய்யப்பட்டது. உடல்நலம் பார்த்துக்கொள்ளவும்" என்று வந்தது. அதை எத்தனை தடவை திறந்து படித்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

கடைசி இரண்டு வருடம் அதுவும் இல்லை. காரணம் அவன் வேலையில் குறை இல்லாததுதான். பாவி, அவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருந்தான். வேண்டுமென்றே கோணல் மாணலான பக்கங்களை எல்லாம் கொடுத்துப் பார்ப்பேன். நாலு விரல் அகலத் திரை, நூறு எழுத்து நீளச் சொல், எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. இல்லாத குறையைச் சொல்லிக் கடிதம் போட எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று எழுத அந்தப் பக்கத்தில் இடமே கிடையாது.

மூட்டைக்காரர் மெயிலுக்குப் பிறகு, டிரைவரை அனுப்பிவிட்டு லைப்ரரியின் பக்கத்தைத் திறந்தேன். உச்சியில் சாம்பல் நிறத்தில், "இது பூட்டப்பட்டுள்ளது, படிக்க மட்டும் முடியும்" என்று இருந்தது. குறைகேட்புப் பக்கத்தில் எழுதுகிற பெட்டியையே காணோம். பூட்டி நான்கு மாதம் ஆகியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. நாலு மாதம்! உலகத்திலேயே அதைப் பயன்படுத்துகிறவள் நான் ஒருத்தி. எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? வாடகைக்கு இருக்கிறவனைக் காலி பண்ணச் சொன்னால்கூட முன்கூட்டியே சொல்வார்கள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை டங்கென்று வைத்தேன். கேட்க யாரும் இல்லாத வீட்டில் பாத்திரத்தை டங்கென்று வைப்பதில் ஒரு சுகமும் இல்லை. எனக்கே காது வலித்தது.

"போடா, நீ இல்லாட்டி எனக்கு ஓடாதா?" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு வேறு லைப்ரரிக்கு மாற ஆரம்பித்தேன். புதிய லைப்ரரி பெரிய கூட்டம் சேர்ந்து பராமரிப்பது. எல்லா மொழிக்கும் எல்லாத் திரைக்கும் வேலை செய்யும் என்று பெருமை பீற்றிக்கொண்டிருந்தது. மூன்று வாரம், கடையிலிருந்து வந்த பிறகும் விடுமுறையிலும், மல்லுக்கட்டினேன். தம்பியின் நிரலைக் கூப்பிடுகிற இடம் நாற்பத்தொன்று இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் புதியதை வைத்தேன். பிடுங்கும்போதெல்லாம் அவன் எழுதிவைத்த சிறு குறிப்புகள் கண்ணில் பட்டன. "இங்கே மடக்கினால் அம்மா தடுமாறுகிறாள்." "ஆள் பெயரை இரண்டாக ஒடிக்கக் கூடாது, அம்மா திட்டுகிறாள்." இருபது இடம் மாற்றியதும் ஓட்டிப் பார்த்தேன். புதியது முதல் பக்கத்திலேயே ஒருவர் பெயரை ஒடித்துப் பாதியைக் கீழே தள்ளியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பெயர் ஒடிந்ததற்கு அழுகிற வயதா எனக்கு?

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூட்டைக்காரருக்கு ஒரு கோபமான பதில் தட்டினேன். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு லைப்ரரியை நிறுத்தினால் என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது, இதற்கெல்லாம் ஒரு முறை வேண்டாமா என்று கேட்டிருந்தேன்.

அவர் பொறுமைசாலி. அரை மணியில் பதில் வந்தது. "முன்னறிவிப்பு இருந்திருக்கிறதே? பதினான்கு மாதத்துக்கு முன்னால் தொடங்கி ஆறு பதிப்புகள் வந்திருக்கின்றன. ஆறிலும் நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, எச்சரிக்கைச் செய்தி மட்டும்தான் மாறியிருக்கிறது. பெரிசைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருக்க வேண்டும். என்ன எழுதியிருந்தது என்று நான் படித்துப் பார்க்கவில்லை, மன்னிக்கவும்."

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, பெரிசைப் பயன்படுத்துகிற மூன்று பேர் ஒரே நாளில் புகார் அனுப்பினார்கள். திரையின் உச்சியில் மஞ்சளாக ஒரு பட்டை வருகிறது, முதல் வரியை மறைக்கிறது, அதில் பொடி எழுத்தில் ஏதோ இருக்கிறது, படிக்க முடியவில்லை. மற்ற செயலிகளில் இந்த மாதிரி எச்சரிக்கையெல்லாம் நிரல் எழுதுகிறவருடைய கறுப்புத் திரையில் மட்டும்தான் வரும். பெரிசில் அதை மஞ்சள் பட்டையாக மேலே வரும்படி என்றைக்கோ நான்தான் செய்துவைத்திருந்தேன், அதன் எழுத்தைப் பெரிதாக்க மறந்துவிட்டேன். பெரிய எழுத்துச் செயலியில் எறும்பு எழுத்து! அன்றைக்குக் கடையில் கூட்டம், எனக்கு ஏற்கெனவே தலைவலி. கடைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, எல்லா எச்சரிக்கைகளையும் மறைத்துவிடு என்று ஒரே ஒரு வரி சேர்த்து வெளியிட்டேன். ஓட்டிப் பார்க்கவில்லை. பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்கவில்லை. என்ன மாற்றினாய் என்று கேட்கிற இடத்தில், "தேவையில்லாத சத்தம். வாயை அடைச்சாச்சு" என்று எழுதினேன். அந்தக் குறிப்பு பொதுவில் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

மூட்டைக்காரரின் பதில் வந்த அடுத்த நாள் எனக்கு வார விடுமுறை. காலையில் டீயைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பெரிசின் பழைய நிரலைத் திறந்து, அந்த ஒரு வரியை அழித்தேன். ஓடவிட்டேன்.

மஞ்சள் பட்டை வந்தது. கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு திரையோடு ஒட்டிப் படித்தேன்.

"இந்த லைப்ரரி இனிப் பராமரிக்கப்படாது. வேறொன்றுக்கு மாறிக்கொள்ளவும்."

"கல்லு மனசுடா உனக்கு" என்றேன் திரையைப் பார்த்து.

இது கடைசிப் பதிப்பு. பழைய பதிப்புகள் அழியாது, எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். அவன் பக்கத்துக்குப் போய் ஆறு செய்தியையும் வரிசையாகப் படித்திருக்கலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. வர வேண்டிய வழியிலேயே வரட்டும் என்று, கடைசியைக் கழற்றிவிட்டு அதற்கு முந்தியதை நிறுவினேன். பெரிசைத் திறந்தேன்.

"பழைய போன் எண் இப்போது இல்லை. புதியது கீழே. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். தவறு என்றால் அழைக்கவும்."

கீழே எண் இருந்தது. ஒரு தாளில் எழுதினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். யாரை அழைக்கச் சொல்கிறான் என்று புரியாமல் இருக்க நான் என்ன மக்கா? அதற்கும் முந்தியதை நிறுவினேன்.

"டாக்டரைப் பார்த்தாயிற்று. அம்மாவுக்கு வந்ததுதான். வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இனிமேல் நெடுநேரம் நிரல் எழுத முடியாது. அதனால் இந்த லைப்ரரியை மூட வேண்டியிருக்கிறது."

டீ ஆறிப் போய் மேலே ஆடை கட்டிக்கொண்டிருந்தது.  இன்னும் மூன்று இருந்தது. நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. நிறுத்தவில்லை.

"கண்ணாடி மாற்றிப் பார்த்தேன். பலனில்லை."

எந்த மடையன் இவனுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தான்? பின்திரை கெட்டவனுக்குக் கண்ணாடியா? அங்கே ஒரு கடையில் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டிருப்பாள். அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. என்னை நான் கேட்டுக்கொள்ள வேண்டியதை அவளிடம் கேட்க நினைக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அதற்கு முந்தியதை நிறுவினேன்.

"எச்சரிக்கைகளை மறைத்திருப்பதைப் பார்த்தேன். சத்தம் போட்டதற்கு மன்னிக்கவும். டாக்டரிடம் போக வேண்டுமா, கண்ணாடி மாற்றினால் போதுமா என்று மட்டும் சொன்னால் போதும்."

வாயை அடைச்சாச்சு என்று நான் எழுதியதை அவன் படித்திருக்கிறான். படித்த பிறகும், நான் காதைப் பொத்திக்கொண்டேன் என்று தெரிந்த பிறகும், ஐந்து தடவை எழுதியிருக்கிறான். ஒருநாள் அந்த வரியை எடுப்பேன் என்று நினைத்திருப்பான். கடைவாசலில் நின்ற அதே பயல்.

கடைசியாக, முதலாவது. மூன்று பேர் புகார் சொன்ன அன்றைக்கு வந்தது.

"இந்த லைப்ரரியைத் தொடர முடியுமா என்று தெரியவில்லை. கட்டம் போட்ட அட்டையை வலது கண்ணால் மட்டும் பார்த்தால் நடுக் கோடுகள் வளைந்து தெரிகின்றன. இடதில் நேராக இருக்கின்றன. மூன்று நாளாக இப்படி. இதைப் பற்றி விவரம் தெரிந்தவர் எழுதவும்."

அந்த அட்டை நான் கொடுத்தது. அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம், ஐம்பது தாண்டியதும் வாரம் ஒரு தரம் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கோடு வளைந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் வாரத்தில் கற்றுக்கொடுக்கிற பாடம். மூன்று நாளில் வந்தவனை ஊசி போட்டு நிறுத்தியிருப்பார்கள். அவன் என்னிடம் கேட்டான். கண் தெரியாத மூன்று பேர் அதைப் படிக்க முடியவில்லை என்று எனக்கு எழுதினார்கள். கண் தெரிகிற நான் படிக்கவில்லை.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள். மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து அந்த எண்ணை அழுத்தினேன்.

ஆறாவது மணியில் எடுத்தான். "ஹலோ, யாரு?"

குரல் மாறவே இல்லை. "நான்தான்" என்றேன்.

 பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ அதை மூடினார்கள்.

"வார்னிங் பாத்தியா?" என்றான். ஏழு வருடம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"இன்னிக்குத்தான்டா பாத்தேன். இப்பத்தான். சத்தியமா."

"வாயை அடைச்சாச்சுன்னு போட்டிருந்தியே."

"ஐயோ, அது உன்னை இல்லடா! பட்டை வருது, படிக்க முடியலன்னு மூணு பேரு ஒரே நாள்ல உயிரை எடுத்தாங்க. கடையில வேற கூட்டம். கோவத்துல மறைச்சுவிட்டேன். என்ன எழுதியிருக்குன்னு பாக்கவே இல்ல. ஓட்டிக்கூடப் பாக்கல."

"ஓட்டிப் பாக்காமயா வெளியிட்டே?" அவன் குரலில் நிஜமான அதிர்ச்சி இருந்தது. "அக்கா, அது ரொம்பத் தப்பு."

"தப்புதான்."

"அப்படியெல்லாம் பண்ணவே கூடாது."

"தப்புதான்டா சாமி, தப்புதான். செருப்பால அடி என்னை." சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியாத ஒன்று வந்தது. அந்தப் பக்கமும் மூச்சு ஒரு மாதிரி வந்தது. பிறகு கேட்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "கோடு வளைஞ்ச அன்னிக்கே ஏன்டா டாக்டர்கிட்ட ஓடல?"

"உன்கிட்டதான் கேட்டிருந்தேனே" என்றான். "நீ ஒண்ணும் சொல்லல. ஆபத்தா இருந்தா நீ சண்டையாவது போட்டுச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். சொல்லலன்னா சாதாரணமா இருக்கும்னு இருந்துட்டேன்."

அவன் அதைக் குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. விவரத்துக்கு நன்றி என்று எழுதுகிற அதே தொனியில் சொன்னான். குத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் லைப்ரரியைப் பற்றிப் பேசினோம். எங்களுக்குப் பழகிய பாதை அது ஒன்றுதான். உன்னுடையதை எடுக்க மாட்டேன், பூட்டைத் திறந்து என் பெயருக்கு மாற்றிக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "வேணாம். புதுசுக்கே போயிடு" என்றான். "அங்க நூறு பேரு இருக்காங்க. எதாவது கேட்டா யாராவது ஒருத்தர் பதில் சொல்லுவாங்க." புதியது பெயரை ஒடிக்கிறது என்றேன். ஒடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று மனப்பாடமாகச் சொன்னான். அவன் ஏற்கெனவே அதை எனக்காகப் பார்த்து வைத்திருந்தான் என்று புரிந்தது. எழுதிக்கொண்டேன். அதோடு சொல்வதற்கு எங்கள் இருவரிடமும் ஒன்றும் இல்லை. போனை வைத்துவிடுவானோ என்று பயம் வந்தது.

"இடது கண்ணு எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்குன்னு சொல்றாங்க."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நான் பாக்கல இன்னும். நிமிந்து உக்காரு. வலது கண்ணைக் கையால மூடு. அழுத்தாதே. எதிர்ல என்ன இருக்கு?"

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "ஜன்னல்."

"கம்பி இருக்கா?"

"இருக்கு."

"நேரா இருக்கா, எங்கயாவது நெளியுதா? அவசரப்படாம பாரு."

"நேராத்தான் இருக்கு."

"எண்ணு."

எண்ணினான். ஒன்பது என்றான். ஒவ்வொரு கம்பிக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், எண்ணி முடித்த பிறகுதான் தெரிந்தது. வாரம் ஒரு தரம் இதே மாதிரி நான் கூப்பிடுவேன், எண்ணிச் சொல்ல வேண்டும், ஒரு கம்பி கோணினாலும் அன்றைக்கே டாக்டர், என் பதிலுக்குக் காத்திருக்கவே கூடாது என்றேன். சரி என்றான். நாளைக்குப் பஸ் ஏறி நேரிலேயே வருகிறேன் என்றேன். அதற்கும் சரி என்றான்.

"இப்ப இடது கண்ணை மூடு" என்றேன். கேட்காமலேயே விட்டிருக்கலாம். வலது கண்ணில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கண்ணைப் பார்த்து மற்றதை விடுவது எங்கள் வேலையில் கிடையாது. "எதிர்ல என்ன தெரியுது?"

"இவ வந்து நிக்கறா" என்றான். அவன் மனைவியைச் சொல்கிறான்.

"எப்படித் தெரியும்?"

"கையில துண்டு வச்சிருக்கா. தோள் தெரியுது. முடி தெரியுது."

"முகம்?"

 நான் காத்திருந்தேன். வாடிக்கையாளரை அவசரப்படுத்தக் கூடாது என்பதும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

"அக்கா" என்றான் மெதுவாக. "நீ பேசினதுலேர்ந்து இவ சத்தமே காணோம். போனை அவகிட்ட கொடுக்கறேன். அழறாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

போன் கை மாறியது. அவள் செருப்புச் சத்தம் போனோடு அறையைத் தாண்டிப் போனது. ஒரு கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகும் அவளால் உடனே பேச முடியவில்லை.

"இல்லன்னு சொல்லிடுங்க அண்ணி" என்றாள்.